ஐஐஎஸ் சர்வரின் அணுகல் பதிவில் எந்தெந்த விவரங்கள் எழுதப்பட வேண்டும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

இணையத்தளம் காலையில் மெதுவாகிவிட்டது என்றோ, ஒரு பக்கம் சிலருக்கு மட்டும் திறக்கவில்லை என்றோ புகார் வரும்போது, சர்வரைக் கவனித்துக்கொள்பவர் முதலில் திறந்து பார்ப்பது அணுகல் பதிவுக் கோப்பைத்தான். பக்கத்தையோ படத்தையோ கேட்டு உலாவி அனுப்பிய கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் என்னென்ன விவரங்கள் இருக்கும் என்பது கோரிக்கை வருவதற்கு முன்பே அமைப்பில் முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. அப்போது தேர்ந்தெடுக்காமல் விட்ட விவரத்தைப் பிறகு எந்தக் கருவியாலும் வரவழைக்க முடியாது. ஆகவே பதிவின் புலங்களை, அதாவது ஒவ்வொரு வரியிலும் எழுதப்படும் தனித்தனி விவரங்களை, தேர்வு செய்வது, சிக்கல் வந்த பின் செய்யும் வேலையன்று. தளம் வெளியே போவதற்கு முன்னரே அமர்ந்து யோசித்துச் செய்ய வேண்டிய வேலை.

இக்கட்டுரை மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வெப் சர்வரைப் பற்றியது. பின்னால் குறிப்பிடும் ஒரு மாறியைத் தவிர, இங்கே சொல்லப்படும் வசதிகள் அனைத்தும் 2013இல் வெளியான விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 உடன் வந்த ஐஐஎஸ் 8.5 முதல் உள்ளவை. அதன் பிறகு வந்த ஐஐஎஸ் 10இலும் படிகள் இவையே. இந்த வேலைக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சர்வரில் நிர்வாகி உரிமை இருந்தால் போதும்.

முதலில் இருப்பதைப் படித்துப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், இப்போது என்ன எழுதப்படுகிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. இயல்பான நிறுவலில் பதிவுக் கோப்புகள் சி டிரைவில் ‘இனெட்பப்’ கோப்புறைக்குள் ‘லாக்ஸ்’, அதற்குள் ‘லாக்ஃபைல்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும். அங்கே ஒவ்வொரு தளத்திற்கும் ‘டபிள்யூ3எஸ்விசி’ என்று தொடங்கித் தளத்தின் அடையாள எண்ணில் முடியும் தனிக் கோப்புறை உண்டு. எந்த எண் எந்தத் தளத்திற்கு உரியது என்பதை, இந்தச் சர்வரை நிர்வகிக்கும் கருவியான ஐஐஎஸ் மேனேஜரின் ‘சைட்ஸ்’ பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். நிறுவியவுடன் தானாகவே உருவாகும் முதல் தளத்தின் எண் 1. நாள்தோறும் ஒரு கோப்பு என்பதே இயல்பான அமைப்பு. கோப்பின் பெயரில் உள்ள ஆறு இலக்கங்களில் முதலிரண்டு ஆண்டையும், அடுத்தவை மாதத்தையும் நாளையும் குறிக்கும். அதாவது 250514 என்றிருந்தால் அது 2025 மே 14ஆம் நாளுக்கான கோப்பு.

நோட்பேடில் திறந்தால், தொடக்கத்தில் ஹேஷ் குறியோடு தொடங்கும் நான்கு வரிகளைக் காண்பீர்கள். மென்பொருளின் பெயர், வடிவத்தின் பதிப்பு, தேதி ஆகியவற்றுக்குப் பின் வரும் நான்காவது வரிதான் நமக்கு வேண்டியது. ‘ஃபீல்ட்ஸ்’ என்று தொடங்கும் அந்த வரி, கீழே உள்ள ஒவ்வொரு வரியிலும் எந்த விவரம் எந்த வரிசையில் வருகிறது என்பதைச் சொல்கிறது. புலங்களுக்கு இடையே ஓர் இடைவெளி மட்டுமே இருக்கும். மதிப்பு இல்லாத இடத்தில் ஒரு சிறு கோடு இருக்கும். உலாவியின் பெயர் போன்ற மதிப்புகளுக்குள் வரும் இடைவெளிகள் கூட்டல் குறியாக மாற்றப்பட்டிருக்கும்.

புலப் பெயர்களின் முன்னொட்டைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்த வடிவம், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1996 மார்ச்சில் வெளியிட்ட வரைவிலிருந்து வந்தது. அதன்படி ‘சி’ என்றால் பயனர் பக்கம், ‘எஸ்’ என்றால் சர்வர் பக்கம், ‘சிஎஸ்’ என்றால் பயனரிடமிருந்து சர்வருக்கு வந்தது, ‘எஸ்சி’ என்றால் சர்வரிடமிருந்து பயனருக்குப் போனது. எனவே ‘சிஎஸ்’ என்று தொடங்கும் எதுவும் பயனர் அனுப்பியது. அதை அவர் விரும்பியபடி மாற்றி அனுப்பியிருக்கவும் முடியும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதைச் சேர்ப்பது

ஐஐஎஸ் தரும் நிலையான புலங்கள் மொத்தம் 22. அவற்றில் 15 இயல்பாகவே தேர்வாகியிருக்கும். தேதி, நேரம், சர்வரின் ஐபி முகவரி, போர்ட், கோரிக்கை முறை, முகவரியின் பாதை, வினாப் பகுதி (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வருவது), பயனர் பெயர், பயனரின் ஐபி முகவரி, உலாவி விவரம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது, நிலைக் குறியீடு, துணை நிலைக் குறியீடு, விண்டோஸ் பிழை எண், எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவையே அவை. கோப்பு பெரிதாகிறது என்று சொல்லி இவற்றில் சிலவற்றை நீக்கிவிடுவோர் உண்டு. அப்படி நீக்குவோர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது துணை நிலைக் குறியீட்டிலும் விண்டோஸ் பிழை எண்ணிலும்தான். ஆனால் என் கருத்தில், எல்லாவற்றையும் விடக் காப்பாற்ற வேண்டியவை அவ்விரண்டும் எடுத்துக்கொண்ட நேரமும்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். பயனரின் திரையில் 404 என்று வந்தால், கோப்பு இல்லை என்றே எவரும் நினைப்பார்கள். ஆனால் பதிவில் துணைக் குறியீடு 0 என்றிருந்தால்தான் கோப்பு உண்மையிலேயே இல்லை என்று பொருள். 3 என்றிருந்தால், கோப்பு வட்டில் இருந்தும் அதன் வகை சர்வருக்கு அறிமுகப்படுத்தப்படவில்லை என்று பொருள். புதிய எழுத்துரு வடிவத்தையோ பட வடிவத்தையோ தளத்தில் ஏற்றும்போது இது அடிக்கடி நேர்கிறது. 7 என்றால் அந்தக் கோப்பு நீட்டிப்பு தடை செய்யப்பட்டுள்ளது. 8 என்றால் மறைத்து வைக்கப்பட்ட கோப்புறையை யாரோ கேட்டிருக்கிறார்கள். ஒரே 404க்கு நான்கு வெவ்வேறு தீர்வுகள் இருக்கின்றன. அந்த ஓர் இலக்கம் இல்லாவிட்டால் எது என்று தெரியாமல் அரைநாள் தேட வேண்டியிருக்கும். அதேபோல் விண்டோஸ் பிழை எண் 5 என்றால் அனுமதி மறுக்கப்பட்டது, 2 என்றால் கோப்பு கிடைக்கவில்லை, 64 என்றால் மறுமொழி முழுமையாகப் போய்ச் சேரும் முன்பே பயனரின் இணைப்பு அறுந்துவிட்டது.

இங்கே புதியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் உள்நுழைவைப் பயன்படுத்தும் அலுவலகத் தளங்களில் ஒரே பக்கத்திற்கு முதலில் 401 (அனுமதி இல்லை) துணைக் குறியீடு 2, பின்னர் 401 துணைக் குறியீடு 1, அதன் பின் 200 (வெற்றி) என்று மூன்று வரிகள் வருவது இயல்பு. அது உலாவியும் சர்வரும் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் முறை; தாக்குதலும் அன்று, பிழையும் அன்று.

எடுத்துக்கொண்ட நேரம் மில்லி விநாடியில் எழுதப்படும். அது நிரல் ஓடிய நேரம் மட்டுமன்று. மறுமொழி பயனருக்குப் போய்ச் சேர ஆன நேரமும் பெரும்பாலும் அதில் அடங்கும். ஆகவே பெரிய கோப்பை மெதுவான அலைபேசி இணைப்பில் ஒருவர் இறக்கினால் அந்த எண் பெரிதாகவே இருக்கும். அதைக் கொண்டு நிரலைக் குறை சொல்லும் முன், அனுப்பிய பைட்டுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கை இயல்பான 15 புலங்களில் இல்லை. எனவே அனுப்பிய பைட்டுகள், பெற்ற பைட்டுகள் ஆகிய இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

நான் கட்டாயம் சேர்க்கச் சொல்லும் இன்னொரு புலம் ‘ஹோஸ்ட்’. ஒரே தளம் இரண்டு மூன்று டொமைன் பெயர்களில் இயங்கும்போது, கோரிக்கை எந்தப் பெயருக்கு வந்தது என்பதை இது ஒன்றுதான் காட்டும். பெயரே இல்லாமல் நேரடியாக ஐபி முகவரியைக் கேட்டு வருபவை பெரும்பாலும் தானியங்கி வருடல்கள் என்பதால், அவற்றைப் பிரித்தெடுக்கவும் இது உதவும். பல சர்வர்களின் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டுவோருக்குச் சர்வரின் பெயரும் வேண்டும். ஒரே சர்வர் மட்டும் உள்ளவர்களுக்கு அது வீண். ஹெச்டிடிபியின் பதிப்பைக் காட்டும் புலம் அவரவர் விருப்பம். குக்கிப் புலத்தைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தேர்வு செய்யும் படிகள்

விண்டோஸ் அமைப்புக் கோப்புறையில் ‘சிஸ்டம்32’, அதனுள் ‘இனெட்எஸ்ஆர்வி’, அதனுள் ‘கான்ஃபிக்’ என்ற இடத்தில் இருக்கும் ‘அப்ளிகேஷன்ஹோஸ்ட்’ அமைப்புக் கோப்பை முதலில் நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள். நாம் செய்யப்போகும் மாற்றங்கள் அனைத்தும் அதில்தான் எழுதப்படும். ஏதேனும் தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப அந்த நகல் போதும்.

பின்னர் ஐஐஎஸ் மேனேஜரைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் உங்கள் தளத்தின் பெயரைச் சொடுக்குங்கள். நடுவில் தோன்றும் படவுருக்களில் ‘லாக்கிங்’ என்பதை இருமுறை சொடுக்க வேண்டும். அந்தப் படவுருவே இல்லையென்றால், சர்வரில் ‘ஹெச்டிடிபி லாக்கிங்’ என்ற கூறு நிறுவப்படவில்லை. சர்வர் மேனேஜரில் வெப் சர்வர் பங்கின் கீழ் ‘ஹெல்த் அண்ட் டயக்னாஸ்டிக்ஸ்’ பகுதியில் அதைச் சேர்த்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

திறக்கும் பக்கத்தில் ‘ஃபார்மேட்’ என்ற பட்டியலில் டபிள்யூ3சி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஐஐஎஸ், என்சிஎஸ்ஏ என வேறு வடிவங்களும் அங்கே உண்டு; ஆனால் அவற்றின் புலங்கள் நிலையானவை, மாற்ற இயலாதவை. டபிள்யூ3சி வடிவத்தில் மட்டுமே பக்கத்திலுள்ள ‘செலக்ட் ஃபீல்ட்ஸ்’ பொத்தான் பயன்படும். அதைச் சொடுக்கினால் 22 புலங்களும் தேர்வுப் பெட்டிகளோடு வரிசையாகத் தோன்றும். வேண்டியவற்றைக் குறியிட்டு ‘ஓகே’ கொடுத்த பின், வலப்பக்கத்தில் உள்ள ‘அப்ளை’ என்பதைச் சொடுக்க மறந்துவிடாதீர்கள். பலர் ‘ஓகே’ கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து வெளியேறிவிடுகிறார்கள். ‘அப்ளை’ கொடுக்கும் வரை எதுவும் சேமிக்கப்படுவதில்லை.

இடப்பக்கப் பட்டியலில் தளத்திற்குப் பதிலாகச் சர்வரின் பெயரைத் தேர்ந்தெடுத்தும் இதையே செய்யலாம். அப்போது அது எல்லாத் தளங்களுக்கும் பொதுவான இயல்பு அமைப்பாகிறது. ஆனால் ஏற்கெனவே தனக்கெனப் புலங்களைத் தேர்வு செய்துகொண்ட தளம், சர்வர் அளவில் செய்யும் மாற்றத்தைப் பின்பற்றாது. சர்வரில் மாற்றியும் ஒரு தளத்தில் மட்டும் பலனில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத விவரங்களைச் சேர்த்தல்

ஐஐஎஸ் 8.5இல் வந்த மிகப் பயனுள்ள மாற்றம் இது. அதே ‘செலக்ட் ஃபீல்ட்ஸ்’ சாளரத்தின் கீழ்ப்பகுதியில் ‘ஆட் ஃபீல்டு’ என்றொரு பொத்தான் உண்டு. தள அளவில் மட்டுமே இது இயங்கும். சர்வர் அளவில் திறந்தால் முடக்கப்பட்டிருக்கும். சொடுக்கியதும் மூன்று விவரங்கள் கேட்கப்படும்: பதிவில் எழுத வேண்டிய புலத்தின் பெயர், மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற மூல வகை, மூலத்தின் பெயர். மூல வகை, கோரிக்கையின் ஹெடராகவோ (அதாவது கோரிக்கையோடு சேர்ந்து வரும் தலைப்புக் குறிப்பு) மறுமொழியின் ஹெடராகவோ சர்வர் மாறியாகவோ (கோரிக்கையைப் பற்றிச் சர்வரே வைத்திருக்கும் மதிப்பு) இருக்கலாம். புலத்தின் பெயரில் இடைவெளி விடாதீர்கள். இடைவெளிதான் புலங்களைப் பிரிக்கும் குறி என்பதால் அது எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

இந்த வசதி பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது ஒரே காரணத்திற்காக. சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் ஒரு லோட் பேலன்சரோ ரிவர்ஸ் பிராக்ஸியோ இருந்தால், சர்வரைப் பொறுத்தவரை எல்லாக் கோரிக்கைகளும் அதனிடமிருந்தே வருகின்றன. பதிவில் பயனரின் ஐபி முகவரி என்ற இடத்தில் எல்லா வரிகளிலும் அதன் முகவரியே திரும்பத் திரும்ப எழுதப்படும். உண்மையான பயனரின் முகவரியை அந்தக் கருவி ஒரு ஹெடரில் வைத்து அனுப்புகிறது. அதற்குப் பரவலாக வழங்கும் பெயர் ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’. ஆகவே புலத்தின் பெயராகவும் மூலத்தின் பெயராகவும் ஆங்கில எழுத்துகளில் அதையே, மூன்று சொற்களுக்கு நடுவே இணைப்புக்கோடு இட்டு, இடைவெளியின்றி எழுதி, மூல வகையாக ‘ரிக்வெஸ்ட் ஹெடர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இத்தகைய இடைச் சேவையான கிளவுட்ஃபிளேர் வழியாகத் தளம் இயங்கினால் அது தனியாக அனுப்பும் ‘சிஎஃப்-கனெக்டிங்-ஐபி’ என்ற ஹெடரையும் இவ்வாறே சேர்க்கலாம்.

இதில் கவனம் தேவை. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை எவர் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்ப முடியும். கோரிக்கை பல பிராக்ஸிகளைக் கடந்து வந்தால் அதில் பல முகவரிகள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரிசையாக இருக்கும். அவற்றில் உங்கள் சொந்த லோட் பேலன்சர் கடைசியாகச் சேர்த்த முகவரியை மட்டுமே நம்பலாம். பயனரின் ஐபி முகவரி என்ற பழைய புலத்தையும் நீக்காமல் வைத்திருங்கள். லோட் பேலன்சரைச் சுற்றிக்கொண்டு நேரடியாகச் சர்வரைத் தொட்ட கோரிக்கை எது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

மறுமொழி ஹெடரைப் பதிவதும் நல்ல பயன் தரும். உங்கள் செயலி ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண்ணை உருவாக்கி மறுமொழியின் ஹெடரில் வைத்தால், அதே எண் அணுகல் பதிவிலும் செயலியின் சொந்தப் பதிவிலும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நேரத்தை வைத்து ஊகிக்கத் தேவையே இராது.

சர்வர் மாறிகளில் ‘கிரிப்ட்_புரோட்டோகால்’ என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். பயனரின் இணைப்பு, அதை மறையாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் எந்தப் பதிப்பில் வந்தது என்பதை அது எண்ணாகத் தரும்: 40 என்றால் டிஎல்எஸ் 1.0, 100 என்றால் 1.1, 400 என்றால் 1.2, 1000 என்றால் 1.3. பழைய பதிப்புகளை நிறுத்த நினைப்பவர்கள், நிறுத்துவதற்கு முன் இந்தப் புலத்தைச் சில வாரங்கள் ஓடவிட்டு, இன்னும் யார் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது. இந்த மாறி விண்டோஸ் சர்வர் 2016 முதலான பதிப்புகளில் கிடைக்கும்.

தனிப்புலம் ஒன்றேனும் சேர்ந்தவுடன், பதிவுக் கோப்பின் பெயரின் இறுதியில் அடிக்கோடும் ‘எக்ஸ்’ எழுத்தும் சேர்ந்து புதிய கோப்பாகத் தொடங்கும். பழைய கோப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதிவு நின்றுபோனதாக நினைத்துப் பதற்றப்படுவோர் பலர்.

எழுதக் கூடாதவை

பதிவுக் கோப்பு என்பது பலர் படிக்கும், பல இடங்களுக்கு நகலாகும், காப்பு வட்டுகளில் ஆண்டுக்கணக்கில் தங்கும் எளிய எழுத்துக் கோப்பு. குக்கிப் புலத்தைக் குறியிட்டால் உள்நுழைந்திருக்கும் ஒவ்வொருவரையும் சர்வர் இனங்காண உதவும் அமர்வு அடையாளமும் அதில் அப்படியே விழும். அது காலாவதியாகும் வரை, கோப்பைப் படிக்கும் எவரும் அந்தப் பயனராக உள்ளே போக முடியும். உள்நுழைவுச் சான்றைத் தாங்கி வரும் ‘ஆத்தரைசேஷன்’ ஹெடரைத் தனிப்புலமாகச் சேர்ப்பதும் இதே கேட்டைத் தரும். இவ்விரண்டையும் சோதனைக்காகக்கூடப் பொதுப் பயன்பாட்டில் உள்ள சர்வரில் சேர்க்காதீர்கள்.

இயல்பாகவே எழுதப்படும் வினாப் பகுதியிலும் ஆபத்து உண்டு. கடவுச்சொல்லை மீட்கும் இணைப்பிலுள்ள இரகசியக் குறியீடோ, அலைபேசி எண்ணோ, முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் வருமானால், அது பதிவில் ஏறிவிடும். அதற்காக அந்தப் புலத்தை நீக்கினால் தாக்குதல் முயற்சிகளைக் கண்டறியும் வழி அடைபடும். எனவே செயலியைத் திருத்தி அவற்றைக் கோரிக்கையின் உடலில் அனுப்பச் செய்வதே சரியான மருந்து. பதிவுக் கோப்புறையைப் படிக்கும் உரிமையையும் தேவையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

மாற்றம் நடைமுறைக்கு வந்ததா என்று பார்த்தல்

உலாவியில் உங்கள் தளத்தை ஒருமுறை திறந்துவிட்டுப் பதிவைப் பார்த்தால், அந்த வரி உடனே தென்படாமல் போகலாம். பதிவுகள் முதலில் நினைவகத்தில் சேர்ந்து, இடையகம் 64 கிலோபைட் நிரம்பிய பின்னரோ ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்தோதான் வட்டில் எழுதப்படும். காத்திருக்க விரும்பாதவர்கள், நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘நெட்எஸ்ஹெச் ஹெச்டிடிபி ஃபிளஷ் லாக்பஃபர்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டினால், சேர்ந்தவை உடனே எழுதப்பட்டுவிடும்.

நிலையான புலங்களை மட்டும் மாற்றியிருந்தால், அன்றைய கோப்பின் நடுவிலேயே புதிய ‘ஃபீல்ட்ஸ்’ வரி ஒன்று வந்திருக்கும். அதற்கு மேலே உள்ள வரிகள் பழைய வரிசையிலும் கீழே உள்ளவை புதிய வரிசையிலும் இருக்கும். பத்தாவது இடத்தில் இருப்பது இன்னது என்று எண்ணிக்கையை நம்பிப் படிக்கும் அறிக்கை நிரல் ஏதேனும் உங்களிடம் இருந்தால், அது அந்த நொடியிலிருந்து தவறான விடையைத் தரும். பிழைச் செய்தி எதுவும் காட்டாது என்பதுதான் இதில் கெடுதி. அத்தகைய நிரல்களைப் புலப் பெயரைப் பார்த்துப் படிக்கும்படி முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

நேரத்தைப் படிக்கும்போதும் தடுமாற வேண்டாம். டபிள்யூ3சி வடிவத்தில் நேரம் எப்போதும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் எட்டு மணி நேரம். சென்னையில் காலை 10:15க்கு வந்த புகாரைப் பதிவில் 04:45இல் தேட வேண்டும். அதிகாலை 3 மணிக்கு நடந்தது முந்தைய நாளின் கோப்பில் 21:30 என்று இருக்கும். ‘லாக்கிங்’ பக்கத்தில் உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தும்படி சொல்லும் தேர்வுப் பெட்டி ஒன்று உண்டு. அது கோப்பின் பெயரையும் புதிய கோப்பு தொடங்கும் வேளையையும் மட்டுமே மாற்றும். வரிகளுக்குள் இருக்கும் நேரத்தைத் தொடாது.

பயனர் 503 (சேவை கிடைக்கவில்லை) பிழையைப் பார்த்ததாகச் சொல்லியும் தளத்தின் பதிவில் அது இல்லையென்றால், உங்கள் புலத் தேர்வைக் குறை சொல்ல வேண்டாம். தளத்தை இயக்கும் செயலிக்குழு (‘அப்ளிகேஷன் பூல்’) நின்றுபோயிருக்கும்போது கோரிக்கையை ஐஐஎஸுக்குக் கீழே உள்ள இயக்கியே திருப்பி அனுப்பிவிடுகிறது. அத்தகையவை விண்டோஸ் அமைப்புக் கோப்புறையின் ‘சிஸ்டம்32’, ‘லாக்ஃபைல்ஸ்’, ‘ஹெச்டிடிபிஎர்ர்’ என்ற இடத்தில் தனியே எழுதப்படும்.

இடமும் காலமும்

புலங்களைக் கூட்டியபின் கோப்பு பெரிதாகும். ஐஐஎஸ் பழைய பதிவுகளைத் தானாக அழிப்பதில்லை. கவனிக்காமல் விட்டால் சி டிரைவ் நிரம்பித் தளத்தோடு சேர்த்துச் சர்வரே தடுமாறும். எனவே ‘லாக்கிங்’ பக்கத்தில் ‘டைரக்டரி’ என்ற இடத்தில் வேறொரு டிரைவைக் கொடுத்துவிடுவது நல்லது. பழைய கோப்புகளை அழிக்க டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையை அமைத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை இந்தியாவில் உள்ள நிறுவனங்கள் தம் விருப்பப்படி மட்டும் முடிவு செய்ய இயலாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணை, பதிவுகளை 180 நாள்கள் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. புதிய புலங்களோடு ஒரு வாரம் ஓடவிட்டு, ஒரு நாளின் சராசரி அளவைக் கண்டு, அதை 180ஆல் பெருக்கி, அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக இடம் ஒதுக்கிக்கொண்டு, அதன் பிறகே அழிக்கும் வேலையை இயக்குங்கள்.